கடற்கரைக் கிராமங்களில் கணிப்பொறி கிளம்பாமற் போனால்

மரக்காணத்திற்கும் அதை அடுத்த கந்தாடு, அனுமந்தை, கூனிமேடு முதலிய கிராமங்களுக்கும் உப்பின் குணத்தை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கதவின் கீல் எத்தனை ஆண்டு தாங்கும், பம்பு ஷெட்டின் தகரம் எத்தனை மழைக்குப் பின் ஓட்டை விடும், சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் இடாவிட்டால் என்ன ஆகும் என்பனவெல்லாம் இங்குள்ள குடியானவர்கள் அனுபவத்தில் அறிந்தவையே. அதே உப்புக் காற்று, கிராம நிர்வாக அலுவலகத்திலும் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் மேஜைமேல் இருக்கும் கணிப்பொறியையும் தின்று வருகிறது என்பதை மட்டும் நம்மில் பலர் கவனிப்பதில்லை.

பயிர்த்தொழிலைப் பற்றிய பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று சில மிராசுதார்கள் வினவக்கூடும். 1980-ஆம் ஆண்டில் கர்ணம், மணியம் பதவிகள் எடுபடும் வரையில் கிராமக் கணக்குகள் கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தன. அவற்றுக்குப் பகை கறையானும் எலியும். இப்போது பட்டா, சிட்டா, அடங்கல், பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல் பதிவு யாவும் கணிப்பொறியின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே ஏரும் பம்பு செட்டும் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியமான கருவியாக இதுவும் ஆகிவிட்டது. கருவி பழுதுபட்டால் எங்கே பழுது என்று பார்க்கத் தெரிந்திருப்பது குடியானவனுக்குப் புதிய வித்தையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில் நடந்த சம்பவம் ஒன்றை இங்குக் குறிப்பிடுகிறேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. சம்பா நெற்பயிரைக் காப்பீட்டில் பதிவதற்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தீபாவளி விடுமுறையும் அடைமழையும் சேர்ந்து நான்கு நாட்கள் சங்கம் மூடிக்கிடந்தது. ஐந்தாம் நாள் காலையில் திறந்து சுவிட்சைப் போட்டபோது பெட்டிக்குள் விசிறி சுழன்றது, விளக்கும் எரிந்தது. ஆனால் திரையில் ஓர் எழுத்தும் தோன்றவில்லை. வெளியே வராந்தாவில் அடங்கல் நகலும் பாஸ்புத்தகமும் கையில் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய நாற்பது பேர் காத்திருந்தனர். செயலாளர் பதறி, வெளியூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் பெட்டியைத் தூக்கிச் சென்று, ஹார்டு டிஸ்கில் இருந்ததையெல்லாம் அழித்து, மென்பொருளைப் புதிதாக ஏற்றி, மறுநாள் மாலை கொண்டுவந்து வைத்தார். யந்திரம் கிளம்பிற்று. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் அதே கறுப்புத் திரை.

அன்று நான் வேறு வேலையாக அங்குச் சென்றிருந்தேன். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்கையில், ராம் எனப்படும் நினைவுத் தகட்டின் பொன்முலாம் பூசிய பற்களின்மேல் மங்கிய படலம் படிந்திருந்தது. அதை எடுத்து மெல்லிய துணியால் துடைத்து மீண்டும் பொருத்தியதும் யந்திரம் கிளம்பிவிட்டது. வேலை கால் மணி நேரம்; செலவு ஒன்றுமில்லை. முதலில் வந்தவர் பெட்டியைக் கழற்றிப் பூட்டியபோது அத்தகடும் சற்று அசைந்து தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தாம் அழித்து ஏற்றியதனாலேயே குணமாயிற்று என்று அவர் எண்ணிக்கொண்டார். ஆனால் மூன்று பருவங்களாகத் தட்டெழுதி வைத்திருந்த அங்கத்தினர் பட்டியலும், படமெடுத்துச் சேர்த்திருந்த அடங்கல் நகல்களும் போனவை போனவையே. காத்திருந்தவர்களில் பலர் திண்டிவனம் சென்று பதிந்துகொண்டனர். ஏழெட்டுப் பேருக்கு முடியாமற் போயிற்று. அவர்கள் யாவரும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் சாகுபடி செய்பவர்கள். அவ்வருஷம் கார்த்திகை மழையில் பயிர் மூழ்கிற்று.

நான் கணிப்பொறி நூலை முறையாகக் கற்றவனல்லன். விவசாய டிப்ளமோ பெற்று, எண்ணெய் இஞ்சினும் மின்சார மோட்டாரும் பழகியவன். எனினும் பம்பு செட்டில் பழுது பார்க்கும் ஒழுங்கே இதற்கும் பொருந்துகிறது என்பதைக் கண்டிருக்கிறேன். பம்பு தண்ணீர் இறைக்காவிட்டால் எந்தக் குடியானவனும் உடனே புதுக் கிணறு வெட்டத் தொடங்குவதில்லை. முதலில் பீஸ் போயிருக்கிறதா என்று பார்க்கிறான், பிறகு ஸ்டார்ட்டர், பிறகு பம்பில் நீர் ஊற்றிப் பார்க்கிறான், அதன்பின் புட்வால்வைக் கவனிக்கிறான். கணிப்பொறியிலும் வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குச் செல்ல வேண்டியது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டியது. இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாமற் போய், மேற்சொன்ன சங்கத்தின் கதையே நேரிடும்.

முதலாவதாக, யந்திரம் எந்த இடம் வரையில் வந்து நிற்கிறது என்பதைப் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். ஒரு அசைவுமே இல்லையா? விசிறி ஓடியும் திரை கறுப்பாக இருக்கிறதா? எழுத்துக்கள் தோன்றி நின்றுவிடுகின்றனவா? விண்டோஸ் படம் வரையில் வந்து சுழன்றுகொண்டேயிருக்கிறதா? இந்நான்கில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. தெரியாமல் மெக்கானிக்குக்குத் தொலைபேசியில் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்வது, மாட்டு வைத்தியரிடம் ‘மாடு சரியில்லை’ என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

அசைவே இல்லாதபோது:— மின்சாரமே காரணமாக இருப்பது வழக்கம். அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கைச் செருகிப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் அடுத்தது யு.பி.எஸ். பெட்டி. அதனுள் இருக்கும் 12 வோல்ட் பாட்டரி, நமது ஊர் வெப்பத்தில் மூன்று ஆண்டு தாங்கினால் அதிகம். பாட்டரி செத்திருந்தால் சில யு.பி.எஸ். பெட்டிகள் மின்சாரம் இருக்கும்போதும் கிளம்ப மறுக்கும். கணிப்பொறியின் வயரை யு.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்து நேரே சுவர்ப் பிளக்கில் செருகினால் இது விளங்கிவிடும். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் செருகும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அது ஒவ்வொரு முறை சூடேறும்போதும் இழுக்கும் மின்சாரத்தை அச்சிறு பெட்டி தாங்காது.

பெட்டியின் பின்புறத்தில் வயர் செருகும் இடத்தின் அருகே ஒரு சிறு சுவிட்ச் உண்டு. கூட்டிப் பெருக்குகிறவர் கை பட்டு அது அணைந்திருப்பதை நானே மூன்று முறை கண்டிருக்கிறேன். பழைய பெட்டிகளில் அதனருகே 115, 230 என்று குறித்த சிவப்பு நிறத் தள்ளுசுவிட்ச் ஒன்றும் இருக்கும். அது 230-இல் தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளி மின்சாரம் கொடுத்தால் அப்பகுதி வெடித்துப் புகையும்.

இவை யாவும் சரியாக இருந்தும் கிளம்பாவிட்டால், வயரை முற்றிலும் பிடுங்கிவிட்டு முன்புறப் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்திருந்து, பிறகு வயரைச் செருகிப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே தங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் வடிந்து, யந்திரம் தன்னிலை அடைவதற்கு இது உதவும். எளிய வழியாயினும் பலமுறை பலித்திருக்கிறது.

எர்த்து விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது நலம். மணற்பாங்கான நமது நிலத்தில் கோடையில் எர்த்துக் குழி காய்ந்து பிடிப்பற்றுப் போகிறது; உப்பு மண்ணில் இரும்புக் குழாயோ விரைவில் அரித்துப் போகிறது. பெட்டியின் தகட்டைத் தொட்டால் விரல் சுரீரென்கிறது என்று சொல்வார்கள். அவ்வாறிருந்தால் எர்த்து அறுந்திருக்கலாம். உடனே மின்சாரத்தைத் துண்டித்து, மின்சாரப் பணியாளரைக் கொண்டு அளந்து பார்த்துக் குழியைப் புதுப்பிக்க வேண்டியது. இதில் அலட்சியம் ஆளுக்கே ஆபத்து.

விசிறி ஓடியும் திரை கறுப்பாயிருக்கும்போது:— நம் கடற்கரையில் நான் அதிகமாகக் கண்ட பழுது இதுவே. முதலில் மானிட்டருக்குத் தனியே மின்சாரம் வருகிறதா, அதற்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வயர் இரு முனைகளிலும் நன்றாகச் செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் உப்பைச் சந்தேகிக்கலாம்.

உப்பு எவ்வாறு உள்ளே கெடுக்கிறது என்பதை உப்பளக்காரர்கள் எளிதில் உணர்வார்கள். சுத்தமான உப்பு, காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 பங்கை எட்டும்போது தானே கசியத் தொடங்கும். ஆனால் பாத்தியில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் இருக்கும் மக்னீஷியம் குளோரைடு, ஈரம் 33 பங்கு இருந்தாலே நீரை இழுத்துக்கொள்ளும். மரக்காணத்துக் காற்றில் அவ்வளவு ஈரம் இல்லாத நாள் அபூர்வம். அலையிலிருந்து கிளம்பும் நுண்திவலையிலும் இவ்விரண்டும் உண்டு. பிற்பகலில் வீசும் கடற்காற்று இவற்றைச் சன்னல் வழியே கொண்டுவருகிறது. கணிப்பொறியின் விசிறியோ அதை உள்ளே இழுத்து, தூசியோடு சேர்த்துத் தகடுகளின்மேல் படிய வைக்கிறது. யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அதன் சூட்டினால் ஈரம் தங்குவதில்லை. நாலு நாள் அணைத்து வைத்தால் படிந்த உப்பு கசிந்து, உலோகப் பற்களின்மேல் படலம் உண்டாகிறது. அதனாலேயே ‘போன வாரம் நன்றாகத்தானே ஓடியது’ என்ற முறையீட்டை விடுமுறைக்குப் பின் அதிகம் கேட்கிறோம்.

பெட்டியைத் திறக்குமுன் வயரைப் பிடுங்கிவிட வேண்டும்; சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் பிறகு தகடுகளைத் தொட வேண்டும். நம் உடலில் தேங்கும் மின்சாரம் அவற்றைக் கெடுக்கக்கூடியது. ராம் தகட்டின் இரு முனைகளிலும் உள்ள கொக்கிகளை விலக்கி அதை நேராக மேலே எடுத்து, பற்களைப் பஞ்சற்ற துணியில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் ‘டக்’ என்று கொக்கி விழும்படி அழுத்திப் பொருத்த வேண்டியது. இரண்டு தகடுகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது பழுதென்று தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்ப்பாரும் உண்டு. அழுத்தித் தேய்த்தால் பொன்முலாம் போய்விடும். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் தடவும் யோசனைகளை அடியோடு விட வேண்டும். வாயால் ஊதுவதும் கூடாது. வாயின் ஈரம் உள்ளே போகும்.

சில யந்திரங்கள் இந்நிலையில் ‘கீச்’ ‘கீச்’ என்று ஒலி எழுப்பும். ஒலியின் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. அது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதால், எத்தனை நீண்ட ஒலி, எத்தனை குறுகிய ஒலி என்று எழுதிவைத்து மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது.

உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சாரப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. வயரைப் பிடுங்கிய பிறகும் அதனுள் முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும். அது கெட்டால் முழுதாக மாற்றுவதே முறை.

எழுத்து தோன்றி நின்றால்:— முதலில் செருகியிருக்கும் பென் டிரைவை எடுத்துவிட வேண்டும். யந்திரம் ஹார்டு டிஸ்கை விட்டுவிட்டு அதில் மென்பொருளைத் தேடிக்கொண்டிருக்கும். இதற்காக இருபது மைல் தூரத்திலிருந்து மெக்கானிக் வந்து, பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கூலி வாங்கிச் சென்றதும் உண்டு.

மற்றொன்று கடிகார பாட்டரி. மதர்போர்டில் எட்டணாக் காசைப் போன்ற வட்டமான 3 வோல்ட் பாட்டரி ஒன்று இருக்கிறது, சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். இது தீர்ந்துபோனால் யந்திரம் தேதியை மறந்து, ஒவ்வொரு நாளும் காலையில் எதையேனும் அழுத்தும்படி கேட்டு நிற்கும். ஊழியர்கள் அழுத்திவிட்டு மேலே செல்வார்கள், யந்திரமும் கிளம்பிவிடும், ஆனால் தேதி பல ஆண்டுகள் பின்னே இருக்கும். அரசாங்க இணையதளங்கள் பாதுகாப்புச் சான்றுகளைத் தேதியோடு ஒப்பிட்டே திறப்பதால், தேதி தவறிய யந்திரத்தில் அவை திறக்க மறுக்கும். ‘சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்’ என்று குடியானவர்களைத் திருப்பி அனுப்புமுன், திரையின் மூலையில் உள்ள தேதியை ஒருமுறை பார்க்கும்படி கிராம உத்தியோகஸ்தர்களை வேண்டிக்கொள்கிறேன்.

ஹார்டு டிஸ்க் காணவில்லை என்ற எழுத்து வந்தால் அதன் வயர்களை எடுத்து மீண்டும் செருகிப் பார்க்கலாம். டிஸ்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஓசை வந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். மேலும் ஓட்ட ஓட்ட உள்ளிருக்கும் கணக்குகள் மீளாமற் போகும்.

விண்டோஸ் படத்தோடு நின்றால்:— கிளம்பும் வேளையில் இரண்டு மூன்று முறை தடைப்பட்டால் யந்திரம் தானாகவே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்பதையும், குறைந்த சாதனங்களோடு கிளம்பும் சேஃப் மோட் என்பதையும் பயன்படுத்தலாம். கடைசியாக என்ன புதிதாக ஏற்றினோம், எந்தப் பிரிண்டரை இணைத்தோம் என்று நினைவுகூர்ந்து அதை நீக்கிப் பார்க்க வேண்டியது. அதே திரையில் ரீசெட் என்ற வார்த்தையும் இருக்கும். கணக்குகளின் பிரதி வேறிடத்தில் இருந்தாலன்றி அதைத் தொடலாகாது.

2024 ஜூலை 19-ஆம் தேதி இதே பழுது உலகமெங்கும் ஒரே நாளில் ஏற்பட்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் கம்பெனி அனுப்பிய பிழையான ஒரு திருத்தத்தினால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டதாக மைக்ரோசாப்ட் கம்பெனி மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டு கொடுக்க நேர்ந்தது. அவ்வளவு பெரிய குழப்பத்திற்கும் பரிகாரம் சேஃப் மோடில் கிளப்பி ஒரே ஒரு கோப்பை நீக்குவதாகத்தான் இருந்தது. ஆனால் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஏற்பாடு இருந்த இடங்களில், அதைத் திறக்கும் 48 இலக்க எண் கைவசம் இல்லாதவர்கள் வெகுவாகத் திண்டாடினர். நம் அலுவலக யந்திரங்களில் அவ்வேற்பாடு இருந்தால் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, யந்திரத்திலன்றி இரும்புப் பெட்டியில் வைத்திருக்க வேண்டியது.

மெக்கானிக்கிடம் பெட்டியைக் கொடுக்கும்போது, ‘எழுத்து மூலமான அனுமதியின்றி டிஸ்கை அழிக்கக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது நலம். யந்திரம் கிளம்பாவிடினும் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றி வேறொரு யந்திரத்தில் இணைத்துக் கணக்குகளைப் பிரதி எடுத்துவிடலாம். சங்கத்து நிர்வாகிகள் வாரந்தோறும் ஒரு பிரதி எடுத்து வேறொரு கட்டடத்தில் வைத்தால் இந்த வாதமே எழாது. நிலச்சுவான்தார்களும் பட்டா, சிட்டா நகல்களை அரசின் இணைய சேவையில் தம் செல்பேசி வழியாகவே எடுத்து வைத்துக்கொள்ளலாம். காப்பீட்டைக் கடைசி வாரம் வரையில் தள்ளிப்போடாமல் பொதுச் சேவை மையத்திலும் பதியலாம்.

வெள்ளம் புகுந்த யந்திரம் தனி விஷயம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை பெய்தது. அத்தகைய வெள்ளத்தில் நனைந்த பெட்டியை, மேலே உலர்ந்துவிட்டது என்று எண்ணி ஒருபோதும் மின்சாரத்தில் இணைக்கலாகாது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமாதலால், இணைத்த கணமே தகடுகள் எரிந்துபோகும். வெயிலில் காயவைப்பதனாலும் நீர்தான் போகும், உப்பு உள்ளேயே நிற்கும். டிஸ்கைத் தேர்ந்தவரிடம் ஒப்படைத்துக் கணக்குகளை மீட்பதே முதல் வேலை. பெட்டியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தவுடன் வயர்களைப் பிடுங்கி, பெட்டியைத் தரையிலிருந்து பரண்மேல் ஏற்றி வைப்பதற்குப் பத்து நிமிஷம் போதும்.

நாள்தோறும் பார்க்க வேண்டியவற்றில், பெட்டியைக் கிழக்குச் சன்னலுக்கு நேரே வைக்காதிருப்பதும், தரையிலன்றி மேஜைமேல் வைப்பதும், ஓடும்போது துணி போர்த்தாதிருப்பதும் முக்கியம். சில அலுவலகங்களில் தூசிக்கு அஞ்சி மரப்பெட்டிக்குள் அடைத்து வைக்கிறார்கள். சூடு போக வழியின்றி அது வேறு விதமாகக் கெடுகிறது. மாசத்திற்கொரு முறை மெல்லிய பிரஷினால் தூசி தட்டினால் போதுமானது.

யந்திரத்தின் அருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கிளம்பாத நாள், எந்த இடத்தில் நின்றது, என்ன செய்ததில் குணமாயிற்று என்ற மூன்றை மட்டும் எழுதிவர வேண்டியது. மேலே சொன்ன சங்கத்தில் என் சொற்படி இவ்வாறு எழுதி வந்தார்கள். ஒரு வருஷத்துப் பக்கங்களைப் புரட்டியபோது, கிளம்பாத நாட்களில் பெரும்பாலானவை திங்கட்கிழமைகளாக இருந்தன. இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரவுக் காவலாளி வந்ததும் சன்னலைச் சாத்திவிட்டு, ஒரு மணி நேரம் யந்திரத்தை ஓடவிடுகிறார். அதன் பிறகு அந்நோட்டில் எழுதுவதற்கு அதிகம் நேரவில்லை.